புள்ளி வைத்த எழுத்துகள்: செடிகள் தாவும் மரபணுக்களை அடக்கி வைக்கும் விதம்

ஊதா நிற மக்காச்சோள ரகங்களில் சில மணிகள் முழு ஊதாவாகவும் இருக்காது, முழு வெளுப்பாகவும் இருக்காது. வெளிறிய மணியின் மேல் யாரோ மையைத் தெளித்ததுபோல ஊதாத் திட்டுகள் சிதறிக் கிடக்கும். அப்படி ஒரு மணியை எடுத்துப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். திட்டுகள் ஒரே அளவில் இருக்காது. ஒன்றிரண்டு திட்டுகள் மணியின் கால்பங்கை அடைத்துக்கொண்டிருக்கும். மற்றவை ஊசிமுனை அளவுதான்.

மணியின் தோலுக்கு அடியில் அலுரோன் என்று ஒரே ஒரு செல் தடிமனுள்ள அடுக்கு உண்டு. ஊதா நிறம் தரும் ஆன்தோசயனின் அங்கேதான் உண்டாகிறது. அதை உண்டாக்கும் மரபணு ஒன்றின் நடுவே வேறொரு டி.என்.ஏ. துண்டு வந்து உட்கார்ந்துவிட்டால் மரபணு கெட்டுப்போகும், மணி வெளுத்துவிடும். ஆனால் மணி வளர்ந்துகொண்டிருக்கும்போதே ஏதோ ஒரு செல்லில் அந்தத் துண்டு கழன்று வேறு இடத்துக்குப் போய்விடுகிறது என்று வையுங்கள். அந்தச் செல்லில் மரபணு மறுபடி வேலை செய்யத் தொடங்கும். அதிலிருந்து பிரிந்து வரும் செல்கள் எல்லாமே ஊதா. சீக்கிரமே கழன்றிருந்தால் அந்தச் செல்லின் பரம்பரை பெரிது, திட்டும் பெரிது. கடைசி நேரத்தில் கழன்றிருந்தால் ஊசிமுனைதான். ஆக, ஒவ்வொரு மணியும் 'எப்போது, எத்தனை முறை தாவல் நடந்தது' என்று எழுதி வைத்த நாட்குறிப்பு.

அந்த நாட்குறிப்பைப் படித்தவர் பார்பரா மெக்ளின்டாக். அமெரிக்காவின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் 1940களில் மக்காச்சோளத்தை வளர்த்து, குரோமோசோம்களை நுண்ணோக்கியில் பார்த்து, இடம்விட்டு இடம் தாவும் இரண்டு கூறுகளைப் பிடித்தார். ஒன்று ஏ.சி., தாவுவதற்கான நொதியைத் தானே செய்துகொள்வது. இன்னொன்று டி.எஸ்., ஊனமுற்றது, ஏ.சி. செய்யும் நொதியைக் கடன் வாங்கித்தான் தாவும். 1950-இல் கட்டுரையாக வெளியிட்டார். நோபல் பரிசு வந்தது 1983-இல், அவருக்கு 81 வயதில்.

இந்தக் கதையை எல்லோரும் இத்தோடு நிறுத்திவிடுவார்கள். ஆனால் மெக்ளின்டாக் இன்னொன்றையும் கவனித்தார். என் கணக்கில் அதுதான் பெரிய விஷயம். சில செடிகளில் தாவும் கூறு அதே இடத்தில், அப்படியே இருக்கும், ஆனால் தாவாது. ஒரு தலைமுறை, இரண்டு தலைமுறை தூங்கும். பிறகு திடீரென்று விழித்துக்கொண்டு மறுபடி தாவும். கூறு கெட்டுப்போயிருந்தால் மீண்டு வரக்கூடாதே? கெடவில்லை என்றால் ஏன் தூங்கியது? இதற்குப் பதில் 1980களின் பிற்பாதியில்தான் கிடைத்தது. இந்தக் கட்டுரை அந்தத் தூக்கத்தைப் பற்றியது.

எவ்வளவு கூட்டம்?

தாவும் கூறுகள் இரண்டு வகை. ஏ.சி. மாதிரியானவை தம்மையே வெட்டி எடுத்துக்கொண்டு வேறிடத்தில் ஒட்டிக்கொள்ளும். இவை டி.என்.ஏ. ட்ரான்ஸ்போசான்கள். ரெட்ரோட்ரான்ஸ்போசான்கள் வேறு மாதிரி: இருந்த இடத்தை விட்டு நகராமல், தம்மை ஆர்.என்.ஏ.வாகப் படியெடுத்து, அந்தப் படியை மறுபடி டி.என்.ஏ.வாக மாற்றி, வேறோர் இடத்தில் செருகும். முதல் வகை வீடு மாறுகிறது. இரண்டாவது வகை கிளை திறந்துகொண்டே போகிறது. செடிகளின் மரபணுத்தொகுதியை, அதாவது ஒரு செல்லிலுள்ள மொத்த டி.என்.ஏ.வை, ஊதிப் பெருக்கியது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான்.

டி.என்.ஏ. நான்கே வேதி எழுத்துகளில் எழுதப்பட்டது. மக்காச்சோளத்தின் மரபணுத்தொகுதி சுமார் 230 கோடி எழுத்து நீளம். 2009-இல் அதை வரிசைப்படுத்தியபோது ஏறத்தாழ 85 சதவீதம் தாவும் கூறுகள் என்று தெரிந்தது. கோதுமையிலும் கிட்டத்தட்ட அதே பங்கு. ஆனால் கோதுமையின் நீளம் சுமார் 1600 கோடி எழுத்து, மனிதனுடையதைப்போல ஐந்து மடங்கு. ஆய்வகச் செல்லப்பிள்ளையான அராபிடாப்சிஸ் என்ற சின்னக் களைச்செடியிலோ மொத்தமே 13 கோடி சொச்சம்தான். தாவும் கூறுகளின் பங்கும் அதில் குறைவு.

மரபணுத்தொகுதியில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் தாவத் தெரிந்தவை அல்லது ஒரு காலத்தில் தாவியவை என்றால், அந்தச் செடி எப்படி ஒழுங்காக முளைத்துப் பூக்கிறது? ஒரு தாவல் தவறான இடத்தில் விழுந்தாலே சேதம்தான். மெண்டல் ஆராய்ந்த சுருங்கிய பட்டாணி நினைவிருக்கிறதா? அந்தச் சுருக்கத்துக்குக் காரணம், மாவுச்சத்தை உருவாக்கும் ஒரு மரபணுவுக்குள் ஏ.சி./டி.எஸ். குடும்பத்தைப் போன்ற ஒரு துண்டு வந்து செருகிக்கொண்டதுதான் என்று 1990-இல் கண்டுபிடித்தார்கள். இப்படி ஆயிரக்கணக்கானவை ஒரே நேரத்தில் கிளம்பினால் செடி தாங்காது.

அவை கிளம்புவதில்லை. பெரும்பாலானவை பழுதாகிப்போன பழங்காலச் சிதிலங்கள். ஆனால் பழுதாகாதவையும் கணிசமாக உண்டு. அவற்றைச் செடி வெளியேற்றுவதில்லை, வாயை அடைத்து வைக்கிறது.

உயிரை எடுத்து, மெய்யை விட்டு

எப்படி அடைக்கிறது என்பதற்குத் தமிழ் எழுத்திலேயே நல்ல உவமை இருக்கிறது. 'க' என்று எழுதி மேலே ஒரு புள்ளி வைத்தால் 'க்'. கோடு, வளைவு எதுவும் மாறவில்லை. ஆனால் படிக்கும் விதம் மாறிவிட்டது. உயிர்மெய்யில் உயிர் போய் மெய் மட்டும் நிற்கிறது. புள்ளியை அழித்தால் உயிர் திரும்பிவிடும்.

டி.என்.ஏ.வில் அந்தப் புள்ளியின் பெயர் மெத்தில். ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன், அவ்வளவுதான். ஏ, டி, ஜி, சி என்ற நான்கு எழுத்துகளில் சி எனப்படும் சைட்டோசின்மேல் அது ஒட்டவைக்கப்படுகிறது. ஒட்டிய பிறகும் சி சி-தான், ஜி-யோடுதான் இணைசேரும். எழுத்துவரிசை மாறவே இல்லை. ஆனால் தாவும் கூறு தொடங்கும் இடத்தில் இந்தப் புள்ளிகள் அடர்த்தியாக விழுந்துவிட்டால், அதைப் படியெடுக்கவேண்டிய இயந்திரம் அங்கே வந்து நிற்பதில்லை. படியெடுக்காவிட்டால் நொதி இல்லை. நொதி இல்லாவிட்டால் தாவல் இல்லை. மெக்ளின்டாக் பார்த்த தூக்கத்தில் ஏ.சி.யின்மேல் மெத்தில் அதிகம், விழித்திருக்கும்போது குறைவு. எழுத்து மாறாமல், படிக்கும் விதம் மட்டும் மாறி, அந்த மாற்றம் செல்லிலிருந்து செல்லுக்குக் கைமாறுவதைத்தான் எபிஜெனெடிக்ஸ் என்கிறோம்.

ஒரு செல் இரண்டாகும்போது டி.என்.ஏ. முழுவதும் நகலெடுக்கப்படுகிறது. நகலெடுக்கும் நொதிக்கு எழுத்து மட்டும்தான் தெரியும், புள்ளி தெரியாது. புது இழை புள்ளியே இல்லாமல்தான் பிறக்கிறது. ஆகவே 'ஒருமுறை அடக்கிவிட்டோம், முடிந்தது' என்று செடியால் உட்கார முடியாது. ஒவ்வொரு செல் பிரிவுக்குப் பின்னும் யாராவது வந்து புள்ளிகளைத் திரும்ப வைக்கவேண்டும். அதை யார் செய்கிறார்கள் என்பது, புள்ளி விழுந்த சி-க்குப் பக்கத்தில் என்ன எழுத்து இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

சி-யை அடுத்து ஜி இருந்தால் வேலை சுலபம். டி.என்.ஏ.வின் இரு இழைகளும் எதிரெதிர்த் திசையில் ஓடுபவை. சி-க்கு எதிரே ஜி, ஜி-க்கு எதிரே சி. அதனால் ஓர் இழையில் சி-ஜி என்றிருந்தால், எதிர் இழையை அதன் திசையில் படித்தாலும் சி-ஜி என்றுதான் வரும். 'விகடகவி' மாதிரி. பழைய இழையில் புள்ளி இருக்கிறது, புது இழையில் நேர் எதிரே இல்லை. மெட்1 என்ற நொதி இந்த அரைகுறை இடங்களைக் கண்டுபிடித்து, விட்டுப்போன புள்ளியை வைத்துவிடும். வெறும் நகல் வேலை, யோசிக்க ஒன்றுமில்லை.

சி-க்கும் ஜி-க்கும் நடுவே வேறோர் எழுத்து இருந்தால் சிஎம்டி3 என்ற நொதி வருகிறது. இது கொஞ்சம் சுற்றிவளைத்து வேலை செய்யும். டி.என்.ஏ. செல்லுக்குள் வெறும் நூலாகக் கிடப்பதில்லை. ஹிஸ்டோன் என்ற புரதக் கண்டுகளில் சுற்றப்பட்டிருக்கிறது. அந்தக் கண்டிலும் அடையாளங்கள் வைக்கலாம். எச்3 என்ற வகை ஹிஸ்டோனின் சங்கிலியில் 9-ஆவது கண்ணியான லைசினில் இரண்டு மெத்தில் இருந்தால், 'இங்கே மூடி வை' என்று பொருள். சிஎம்டி3 அந்த அடையாளத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்து டி.என்.ஏ.வில் புள்ளி வைக்கும். ஹிஸ்டோனில் அடையாளம் வைக்கும் நொதியோ, டி.என்.ஏ.வில் உள்ள புள்ளியைப் பிடித்துக்கொண்டு ஹிஸ்டோனில் வைக்கும். ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு இருவரும் விழாமல் நிற்பதுபோல.

மூன்றாவது, பக்கத்தில் ஜி-யே இல்லாத சி. இங்கே எதிர் இழையில் வழிகாட்ட ஒரு புள்ளியும் கிடையாது. நகலெடுத்து முடிந்ததும் இரு சேய்களில் ஒன்றுக்குப் பழைய அடையாளத்தின் தடயமே இராது. அதனால் ஒவ்வொரு முறையும் புதிதாக, 'இதுதான் அந்த இடம்' என்று அடையாளம் கண்டு வைத்தாகவேண்டும். இறுக மூடிய பகுதிகளில் இருக்கும் நீளமான கூறுகளில் சிஎம்டி2 இதைச் செய்கிறது. மற்ற இடங்களில் டிஆர்எம்2. பாலூட்டிகளின் உடல் செல்களில் புள்ளிகள் பெரும்பாலும் சி-ஜி-யில்தான்; இந்த மூன்று வகையையும் முழுமூச்சாகப் பயன்படுத்துபவை செடிகள்.

யார் வாயை அடைப்பது என்று எப்படித் தெரியும்?

டிஆர்எம்2-க்கு வழிகாட்டுபவர் யார்? தாவும் கூறும் சாதாரண மரபணுவும் ஒரே நான்கு எழுத்தில் எழுதப்பட்டவைதானே?

முதல் துப்பு 1994-இல் புகையிலைச் செடியில் கிடைத்தது. உருளைக்கிழங்கைத் தாக்கும் வைராய்டு என்ற நோய்க்கிருமி ஒன்று உண்டு. புரதம் எதுவுமில்லாத சின்ன ஆர்.என்.ஏ. வளையம், அவ்வளவே. அதன் வரிசையை டி.என்.ஏ.வாக மாற்றிப் புகையிலையின் மரபணுத்தொகுதிக்குள் செருகினார்கள். வைராய்டு ஆர்.என்.ஏ. பெருகாத செடிகளில் அந்த டி.என்.ஏ. புள்ளியில்லாமல் இருந்தது. பெருகிய செடிகளில் அந்த வரிசையின்மேல் மட்டும் புள்ளிகள் விழுந்திருந்தன. ஆக, செல்லுக்குள் சுற்றும் ஆர்.என்.ஏ.தான் தன்னை ஒத்த டி.என்.ஏ.வைக் காட்டிக்கொடுக்கிறது. 1999-இல் ஆண்ட்ரூ ஹாமில்டனும் டேவிட் பால்கூமும், அடக்கப்பட்ட மரபணுக்கள் உள்ள செடிகளில் சுமார் 25 எழுத்து நீளமுள்ள குட்டி ஆர்.என்.ஏ.க்கள் இருப்பதைக் கண்டார்கள். காட்டிக்கொடுக்கும் கையும் அகப்பட்டது.

இப்போது தெரிந்த வரையில் ஏற்பாடு இப்படி. உட்கரு உள்ள எல்லா உயிர்களிலும் புரதம் தரும் மரபணுக்களைப் படியெடுக்கும் இயந்திரம் ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் 2. செடிகள் அதிலிருந்து பாலிமரேஸ் 4, பாலிமரேஸ் 5 என்று மேலும் இரண்டை உருவாக்கிக்கொண்டன. விலங்குகளில் இவை இல்லை. பாலிமரேஸ் 4 தாவும் கூறிலிருந்து சின்னச் சின்னப் படிகள் எடுக்கும். ஆர்டிஆர்2 அந்த ஒற்றை இழையை இரட்டை இழை ஆக்கும். டிசிஎல்3 என்ற கத்தரி அதைச் சரியாக 24 எழுத்து நீளத் துண்டுகளாக வெட்டும். ஏஜிஓ4 என்ற புரதம் துண்டில் ஓர் இழையைக் கையில் வைத்துக்கொண்டு, ஒத்த வரிசையைத் தேடிப் போகும். தேடும் இடத்தில் பாலிமரேஸ் 5 இன்னொரு படியை எடுத்துக்கொண்டிருக்கும். அதோடு 24 எழுத்தும் பொருந்தினால் டிஆர்எம்2 வந்து புள்ளி வைக்கும்.

இந்தப் பெயர்களை மனப்பாடம் செய்யவேண்டாம். ஆனால் இதில் ஒரு புதிர் இருப்பதைக் கவனியுங்கள். வாயை அடைக்க ஆர்.என்.ஏ. வேண்டும். வாயை அடைத்துவிட்டால் ஆர்.என்.ஏ. வராது. பிறகு எப்படி அடைத்தே வைத்திருப்பது? பாலிமரேஸ் 4-இன் தனித்தன்மை இங்கேதான். பாலிமரேஸ் 2 மூடிய இடங்களை ஒதுக்கிவிட்டுப் போகும். பாலிமரேஸ் 4-ஐ அழைத்துவர அந்த மூடிய அடையாளத்தையே, அதாவது எச்3 ஹிஸ்டோனின் 9-ஆவது லைசினில் உள்ள மெத்திலையே, பிடித்துக்கொள்ளும் துணைப்புரதம் இருக்கிறது. ஏற்கெனவே மூடிய கதவைத் தட்டிப்பார்க்க மட்டும் வரும் காவலாள் என்று சொல்லலாம். அதன் படி மிகக் குட்டையானது. அதை வைத்துக்கொண்டு தாவும் கூறால் நொதி எதுவும் செய்துகொள்ள முடியாது.

சரி, இதுவரை யாரும் மூடாத, புதிதாகக் கிளம்பிய கூறு என்றால்? அராபிடாப்சிஸில் எவாதே என்ற ரெட்ரோட்ரான்ஸ்போசானை வைத்து இதைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்திருக்கிறார்கள். பிரெஞ்சில் 'தப்பியோடியது' என்று பொருள். புள்ளிகளை இழந்து விழித்த எவாதே, தலைமுறைக்குத் தலைமுறை பெருகியது. செடி அதன் ஆர்.என்.ஏ.வை 21, 22 எழுத்துத் துண்டுகளாக வெட்டிப்பார்த்தது, பெருக்கம் நிற்கவில்லை. பிரதிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 40-ஐ எட்டியபோதுதான் நிலைமை மாறியது. வழக்கமாக வெட்டும் கத்தரிகள் திணற, மிச்சத்தை டிசிஎல்3 எடுத்துக்கொண்டு 24 எழுத்துத் துண்டுகளாக்கியது. அதன்பின் புள்ளிகள் விழுந்தன. 2013-இல் வெளியான இந்த வேலையைப் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது, செடி எவ்வளவு தாமதமாக விழித்துக்கொள்கிறது என்பதுதான். கூட்டம் சேர்ந்து சத்தம் அளவுக்கு மீறினால்தான் கதவு சாத்தப்படுகிறது.

மக்காச்சோளத்தின் மியூட்டேட்டர் என்ற கூறு மாட்டிக்கொண்ட விதம் இன்னும் வேடிக்கை. அதன் ஒரு பிரதி உடைந்து, தலைகீழாகத் தன்னோடு தானே ஒட்டிக்கொண்டது. அதன் ஆர்.என்.ஏ. மடிந்து இரட்டை இழையாகிவிடும். வெட்டும் நொதிகளுக்கு அதுவே அழைப்பிதழ். அதிலிருந்து வந்த குட்டி ஆர்.என்.ஏ.க்கள் குடும்பம் முழுவதையும் அடக்கிவிட்டன. அந்தப் பிரதிக்கு 'மியூ கில்லர்' என்றே பெயர்.

புள்ளிகள் உதிர்ந்தால்

1993-இல் அராபிடாப்சிஸில் டிடிஎம்1 என்ற மரபணு கெட்ட செடிகளைக் கண்டார்கள். ஹிஸ்டோன் கண்டுகளை நெகிழ்த்தி, புள்ளி வைக்கும் நொதிகளுக்கு வழிவிடும் புரதத்தைத் தருவது அந்த மரபணு. அது இல்லாவிட்டால் இறுகச் சுற்றிய இடங்களுக்குள் நொதிகளால் நுழைய முடியாது. மொத்தப் புள்ளிகளில் சுமார் 70 சதவீதம் காணாமல் போய்விடுகிறது.

செடி உடனே சாகவில்லை. முதல் தலைமுறை பார்வைக்கு அநேகமாகச் சாதாரணமாகவே இருந்தது. தற்கருவுறுதலில் தலைமுறைகள் கூடக் கூடத்தான் குள்ளச் செடி, காலம் தவறிப் பூப்பது என்று கோளாறுகள் சேர்ந்தன. 2001-இல் தெத்சுஜி காக்குதானி குழுவினர் அவற்றில் ஒரு குள்ளத்துக்கான காரணத்தைக் காட்டினார்கள்: வளர்ச்சி ஹார்மோன் ஒன்றை உருவாக்கும் மரபணுவுக்குள் காக்டா குடும்பத்துத் தாவும் கூறு போய் உட்கார்ந்திருந்தது. சாதாரணச் செடியில் அசையாமல் கிடப்பது, புள்ளிகள் போனதும் எழுந்து தாவியிருக்கிறது.

இன்னொன்று: அந்தச் செடியை நல்ல டிடிஎம்1 உள்ள செடியோடு கலந்து, சந்ததிக்கு நல்ல மரபணுவைத் திரும்பக் கொடுத்தாலும், உதிர்ந்த புள்ளிகள் பல இடங்களில் திரும்புவதில்லை. மெட்1-க்கு நகலெடுக்கத்தான் தெரியும். மூலத்திலேயே புள்ளி இல்லையென்றால் எதை நகலெடுக்கும்? குட்டி ஆர்.என்.ஏ. இன்னும் குறிவைத்துக்கொண்டிருக்கும் இடங்களில் மட்டும் சில தலைமுறைகளில் மெல்ல மெல்ல மீள்கிறது.

மரபணு கெடாமலேயே புள்ளிகளின் பிடி தளர்வதும் உண்டு. அராபிடாப்சிஸில் ஒரு ரெட்ரோட்ரான்ஸ்போசானுக்கு ஓன்சென் என்று பெயர். ஜப்பானிய மொழியில் வெந்நீர் ஊற்று. செடியை 37 டிகிரி வெப்பத்தில் வைத்தால் விழித்துக்கொள்வதால் அந்தப் பெயர். வெப்பத்தைச் சமாளிக்கச் செடி தன் மரபணுக்களை இயக்கும் அதே புரதம் ஓன்செனின் தொடக்கப் பகுதியிலும் ஒட்டிக்கொள்கிறது. வீட்டுக்காரரின் சாவியையே திருடி வைத்திருக்கிறது என்று சொல்லவேண்டும். நல்ல செடியில் வெப்பம் தணிந்ததும் ஓன்சென் மறுபடி அடங்கிவிடும். குட்டி ஆர்.என்.ஏ. செய்ய முடியாத செடியில் அது இன்னும் மும்முரமாகக் கிளம்பும். அப்படிப்பட்ட செடிகளின் அடுத்த தலைமுறையில் புதுப்புது இடங்களில் ஓன்சென் செருகியிருப்பதை 2011-இல் காட்டினார்கள். திசு வளர்ப்பும் இப்படி ஓர் அதிர்ச்சிதான். நெல்லின் டாஸ்17 வயலில் அசையாது, கண்ணாடிக் குடுவையில் செல்களாக வளர்க்கும்போது பெருகும். எந்த மரபணுவைக் கெடுத்தால் நெல்லில் என்ன ஆகிறது என்று பார்க்க ஆய்வாளர்கள் அதையே கருவியாக்கிக்கொண்டது கெட்டிக்காரத்தனம்.

பக்கத்து வீட்டுக்கும் தெறிக்கும் மை

தாவும் கூறின்மேல் வைக்கும் புள்ளி எப்போதும் எல்லைக்குள்ளேயே நிற்பதில்லை. பக்கத்தில் மரபணு இருந்தால் அதன்மேலும் தெறிக்கும். முலாம்பழத்தில் பூவின் பெண்பாகம் வளரவிடாமல் தடுக்கும் மரபணு ஒன்று உண்டு. அதன் அருகே ஒரு தாவும் கூறு வந்து குடியேறிய கொடிகளில், புள்ளிகள் அந்த மரபணுவுக்கும் பரவி அதை அடக்கிவிட்டன. விளைவு, அந்தக் கொடி முழுக்கப் பெண்பூக்கள். பூவின் பாலையே ஒரு பக்கத்துவீட்டுச் சண்டை தீர்மானிக்கிறது.

இதற்கு நேர்மாறான கதை எண்ணெய்ப்பனையில். நல்ல விளைச்சல் தரும் மரங்களைத் திசு வளர்ப்பில் அப்படியே நகலெடுத்து நடலாம் என்று தொடங்கினார்கள். கன்றுகள் செழிப்பாக வளர்ந்தன. ஆண்டுகள் கழித்து, பூக்கும்போதுதான் குட்டு வெளிப்பட்டது. சில மரங்களில் பூவின் ஆண்பாகங்கள் சூலகம்போல மாறிவிட்டன. காயைச் சுற்றி உபரியாகச் சதைப்பற்றுள்ள மடல்கள், போர்வை போர்த்தியதுபோல. பல காய்கள் முற்றாமலே போயின; எண்ணெய் சரிந்தது. தாய்மரத்துக்கும் இவற்றுக்கும் டி.என்.ஏ. எழுத்தில் வேறுபாடு இல்லை. தோட்டக்காரர்கள் நிலையில் இருந்து யோசித்தால் இது எவ்வளவு கொடுமை என்று புரியும்: நட்டு, உரமிட்டு, காத்திருந்து, பூ வரும்வரை எது நல்லது எது கெட்டது என்றே தெரியாது.

மலேசிய எண்ணெய்ப்பனை வாரியத்தின் ஆய்வாளர்களும், மெக்ளின்டாக் வேலை பார்த்த அதே கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரைச் சேர்ந்த ராபர்ட் மார்ட்டின்ஸனும் கூட்டாளிகளும் 2015-இல் குற்றவாளியைக் கண்டுபிடித்தார்கள். பூவின் ஆண்பாகங்களுக்கு உருவம் தரும் மரபணு ஒன்றின் இன்ட்ரானுக்குள், அதாவது படியெடுத்த பின் வெட்டி எறியப்படும் பகுதிக்குள், ஒரு ரெட்ரோட்ரான்ஸ்போசான் குடியிருக்கிறது. அதன் பெயர் கர்மா. வேடிக்கையாகச் சொல்லவில்லை, அதன் பெயரே அதுதான். நல்ல மரங்களில் கர்மாவின்மேல் புள்ளிகள் அடர்த்தியாக இருக்கும். செல் அதைக் கண்டுகொள்ளாமல் இன்ட்ரானை வெட்டி எறிந்துவிடும். திசு வளர்ப்பில் புள்ளிகள் உதிர்ந்த மரங்களில், வெட்டி ஒட்டும் இயந்திரம் கர்மாவுக்குள் இருக்கும் ஓர் இடத்தைத் தவறாகப் பிடித்துக்கொள்ளும். படி பாதியில் முறிந்துவிடும். கர்மா எங்கும் தாவவில்லை. இருந்த இடத்திலேயே, புள்ளி போனதால் மட்டும், பூவைக் கெடுத்துவிட்டது. ஆய்வாளர்கள் புள்ளி உள்ளதை 'நல்ல கர்மா' என்றும் இல்லாததை 'கெட்ட கர்மா' என்றும் அழைத்தார்கள். பயன் உடனடியானது: இளங்கன்றின் இலையிலேயே புள்ளிகளைச் சோதித்து, கெட்டதை நடாமல் கழித்துவிடலாம்.

மெக்ளின்டாக் தாவும் கூறுகளை 'கட்டுப்படுத்தும் கூறுகள்' என்றுதான் அழைத்தார். பின்னால் வந்தவர்கள் இவற்றைக் 'குப்பை டி.என்.ஏ.' என்றார்கள். முலாம்பழத்தையும் எண்ணெய்ப்பனையையும் பார்த்தால் யார் சொன்ன பெயர் பொருத்தம் என்று எனக்குச் சந்தேகமில்லை. அதற்காக ஒவ்வொரு தாவும் கூறுக்கும் ஏதோ உயர்ந்த பணி இருக்கிறது என்று கிளம்புவதும் அதிகப்படி. பெரும்பாலானவை வெறுமனே கிடக்கின்றன.

மகரந்தத்துக்குள் ஒரு சாகப்போகும் செல்

பாலூட்டிகளில், கரு உருவாகும் தொடக்கத்திலும் இனச்செல்கள் உருவாகும்போதும் புள்ளிகள் பெருமளவுக்கு அழிக்கப்பட்டுப் புதிதாக வைக்கப்படுகின்றன. செடிகளில் அப்படி முழுத் துடைப்பு இல்லை. அதனால் செடியில் புள்ளியின் வரலாறு பல தலைமுறை பேசும். 1740களில் லின்னேயஸ், லைனேரியா என்ற செடியில் வழக்கத்துக்கு மாறாக எல்லாப் பக்கமும் சமச்சீராக இருந்த பூவைக் கண்டு திகைத்து எழுதினார். 1999-இல் அதே வகைப் பூவை ஆராய்ந்தபோது, பூவின் வடிவத்தைத் தீர்மானிக்கும் மரபணுவில் எழுத்துப்பிழை இல்லை, அதன்மேல் புள்ளிகள்தான் அதிகம் என்று தெரிந்தது.

ஆனால் துடைக்காமல் விடுவதில் ஆபத்தும் உண்டு. விலங்குகளைப்போலச் செடிகள் இனச்செல்களை ஆரம்பத்திலேயே ஒதுக்கி வைப்பதில்லை. இலை, தண்டு விட்டுக்கொண்டிருந்த அதே நுனி பிறகு பூவாகிறது. வழியில் ஏற்பட்ட தாவல் விதைக்கும் போய்ச் சேரலாம். ஆகவே கடைசிக் கட்டத்தில், மகரந்தத்தில், இன்னொரு காவல் இருக்கிறது.

முற்றிய அராபிடாப்சிஸ் மகரந்தத்தூள் ஒன்றில் மூன்று செல்கள். இரண்டு விந்துச்செல்கள், மிகச் சிறியவை, அடுத்த தலைமுறைக்குப் போகிறவை. அவற்றைத் தன்னுள் சுமந்துகொண்டு மகரந்தக்குழாயை வளர்க்கும் பெரிய செல் மூன்றாவது. அது தன் மரபணுக்கள் எதையும் யாருக்கும் கொடுக்கப்போவதில்லை. வேலை முடிந்ததும் அழிந்துவிடும். இந்தப் பெரிய செல்லின் உட்கருவில் டிடிஎம்1 புரதம் இருப்பதில்லை என்று 2009-இல் கண்டார்கள். அங்கே தாவும் கூறுகள் விழித்துக்கொள்கின்றன. அவற்றின் ஆர்.என்.ஏ. 21 எழுத்துத் துண்டுகளாக வெட்டப்படுகிறது. அந்தத் துண்டுகள், கூறுகள் தூங்கிக்கொண்டிருக்கும் விந்துச்செல்களிலும் கிடைக்கின்றன. மூடிய கதவுக்குப் பின்னால் யார் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியலை, சாகப்போகும் செல் ஒன்று தன் கதவுகளைத் திறந்துபார்த்து எடுத்து, அடுத்த தலைமுறைக்குப் போகும் இருவர் கையில் கொடுத்தனுப்புகிறது என்றுதான் ஆய்வாளர்கள் இதைப் புரிந்துகொள்கிறார்கள். குழாய் சூலை அடைந்ததும் அந்தச் செல் வெடித்துத் திறக்கிறது. விந்துச்செல்கள் இரண்டும் வெளியேறுகின்றன.